அன்பு முதலா, மனந்திரும்புதல் முதலா? கிறிஸ்தவப் பிரசங்க மரபில் ஒரு நெடிய விவாதம்

கடவுளின் அன்பை அறிவிக்கும் பிரசங்கம், கேட்போரின் பாவத்தையும் அவர்கள் மனந்திரும்ப வேண்டிய தேவையையும் சேர்த்தே பேசியாக வேண்டுமா என்னும் கேள்வி, கிறிஸ்தவத் திருச்சபையின் வரலாற்றில் வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. 2ஆம் நூற்றாண்டில் நியாயம் தீர்க்கும் கடவுளையும் அன்பு செய்யும் கடவுளையும் இரு வேறு தெய்வங்களாகவே பிரித்துவிட்ட மார்சியோன், ஏறத்தாழ 144இல் உரோமைத் திருச்சபையிலிருந்து விலக நேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் இதே கேள்வி லூத்தரின் சொந்த ஊரான ஐஸ்லேபனில் பிறந்த அவருடைய மாணவர் ஒருவரை அவருக்கு எதிராக நிறுத்தியது. 2018இல் இங்கிலாந்தின் அரச குடும்பத் திருமணம் ஒன்றில் ஆற்றப்பட்ட அருளுரையை ஒட்டி உலகம் முழுவதும் மீண்டும் பேசப்பட்டது. பெரும்பாலும் இது அளவு பற்றிய கேள்வியாகவே வைக்கப்படுகிறது: குழம்பில் உப்பும் புளியும் போல, அன்பு எத்தனை பங்கு, கண்டனம் எத்தனை பங்கு என்று கணக்குப் பார்க்கப்படுகிறது. ஆனால் மூல நூல்களையும் வரலாற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, இவ்விவாதத்தின் உயிர்நாடி அளவில் இல்லை என்பதும், எது முதலில் சொல்லப்படுகிறது, யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது, யாருடைய பாவம் பெயர் சொல்லப்படாமலே நழுவிவிடுகிறது என்பவற்றில்தான் அது இருக்கிறது என்பதும் தெளிவாகின்றன.

முதலில் சொற்களைக் கவனிப்பது நலம். புதிய ஏற்பாட்டில் பாவத்தைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் கிரேக்கச் சொல் ஹமார்த்தியா. எய்த அம்பு இலக்கைத் தவறவிடுவது என்பது அதன் பழம்பொருள். பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தில் அது தனித்தனிச் செயல்களின் தொகையாக மட்டும் அன்றி, மனிதரை ஆளுகின்ற ஓர் ஆற்றலாகவும் ஒருமையில் பேசப்படுகிறது. தமிழில் அதற்கு ஈடாக அமைந்த பாவம் என்னும் சொல்லோ, புண்ணியத்தோடு இணைத்து வரவு செலவாக எண்ணப்படும் வினைக்கணக்கை உடனே நினைவூட்டுவது. போதாததற்கு, துன்பப்படுகிறவரைக் கண்டு இரங்கும்போதும் தமிழர் வாயில் வருவது அதே சொல்தான். குற்றத்தையும் குற்றப்பட்டவர் மீதான இரக்கத்தையும் ஒரே ஒலியில் சொல்லும் வாய்ப்பை மொழியே கொடுத்திருந்தும், தமிழ்ப் பிரசங்கிகள் அதை அதிகம் பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. மனந்திரும்புதல் என்பதற்கு மூலமான மெத்தனோயா, மனம் மாறுதலைக் குறிப்பது. எபிரேயத் தீர்க்கதரிசிகள் கையாண்ட ஷூவ் என்னும் வினையோ, போன வழியிலிருந்து திரும்பி வருதலைக் குறிப்பது. மனம் என்னும் கிரேக்கக் கருத்தையும் திரும்புதல் என்னும் எபிரேயக் கருத்தையும் மனந்திரும்புதல் என்னும் தமிழ்த் தொடர் ஒருசேரக் கொண்டிருக்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இதை மனம் மாறுதல் என்று கூறும்போது கிரேக்கத்துக்கு நெருங்கி வருகிறது. திரும்பி வருகிறவருக்காக ஒரு வீடு காத்திருக்கிறது என்னும் குறிப்பு மட்டும் அதில் மங்கிவிடுகிறது.

சொற்கள் எங்கே வருகின்றன என்பதைப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை புலப்படும். திருச்சபையின் முதல் பிரசங்கங்களைப் பதிவு செய்துள்ள அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூலில் (திருவிவிலியத்தில் இது திருத்தூதர் பணிகள்) அகாப்பே என்னும் அன்புச் சொல் பெயராகவும் வரவில்லை, வினையாகவும் வரவில்லை. பர்னபாவையும் பவுலையும் பற்றிப் பேசுமிடத்தில் அன்புக்குரியவர் என்னும் அடைமொழியாக ஒருமுறை தலைகாட்டுவதோடு சரி. அந்நூலில் பேதுருவும் பவுலும் மக்களிடம் கேட்பது மனந்திரும்புதலையே. இதற்கு நேர் எதிராக, கடவுளின் அன்பை மற்ற எந்த நற்செய்தி நூலையும் விட விரிவாகப் பேசும் யோவான் நற்செய்தியிலும், கடவுளை அன்பு என்றே வரையறுக்கும் யோவானின் கடிதங்களிலும் மனந்திரும்புதல் என்னும் சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அன்பை மட்டும் பேசினால் போதும் என்போரும், பாவத்தைப் பேசாத பிரசங்கம் பிரசங்கமே அல்ல என்போரும் தத்தம் கட்சிக்கு ஒரு முழுப் புத்தகத்தைச் சான்றாகக் காட்ட முடியும் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் சொல் இல்லாமையால் பொருளும் இல்லை என்று முடிவு கட்டுவது அவசரமாகும். நடபடிகள் நூலில் எருசலேம் கூட்டத்தாரிடம் பேதுரு, நீங்கள் சிலுவையில் அறைந்தவரையே கடவுள் உயிர்ப்பித்தார் என்று குற்றத்தை நேராகச் சுட்டிவிட்டு, அதே மூச்சில் அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வாக்குறுதி உண்டென்று அறிவிக்கிறார். அன்பு என்று பெயரிடப்படாத அன்பு அது. யோவான் நற்செய்தியிலோ, கடவுள் உலகின்மேல் அன்புகூர்ந்ததைச் சொல்லும் புகழ்பெற்ற வசனத்துக்கு மூன்று வசனம் தள்ளி, மனிதர் தங்கள் செயல்கள் தீயவையாக இருந்தமையால் ஒளியை விட இருளை விரும்பினர் என்னும் தீர்ப்பு வருகிறது. முதல் யோவான் கடிதம் தன்னில் பாவமே இல்லை என்று சொல்லிக்கொள்கிறவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான் என்று தொடங்கி, சகோதரன் குறைவுபடுவதைக் கண்டும் இதயத்தை அடைத்துக்கொள்கிறவனிடம் கடவுளின் அன்பு எப்படி நிலைக்கும் என்று கேட்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே அன்பே பாவத்தை அளக்கும் கோலாகிவிடுகிறது.

இயேசுவின் போதனைக்கு வரும்போது சிக்கல் கூடுகிறது. பாவிகளோடு பந்தியிருந்தது பற்றிய குறைகூறலுக்கு அவர் சொன்ன விடை, மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கைப்படிகளில் பாவிகளை அழைக்க வந்தேன் என்ற அளவில் நின்றுவிடுகிறது. லூக்கா அதே கூற்றை மனந்திரும்பும்படி அழைக்க வந்ததாக விரித்துத் தருகிறார். பிற்காலக் கைப்படிகள் லூக்காவின் விரிவை மாற்குவிலும் சேர்த்துக்கொண்டன; அவற்றை ஒட்டி அமைந்த பழைய தமிழ் வேதாகமத்தை வாசிப்போர் மாற்குவிலும் மனந்திரும்புதலைக் காண்பர், திருவிவிலியத்தை வாசிப்போர் காணமாட்டார். அழைப்பை மட்டும் விட்டுவைத்தால் யாரேனும் தவறாகப் புரிந்துகொள்வார்களோ என்ற கவலை படியெடுத்தோரின் எழுதுகோலை அசைத்திருக்கக்கூடும். இன்றைய விவாதத்தின் ஒரு சிறு முன்வடிவம் அந்த இரண்டு மூன்று சொற்களில் அடங்கியிருக்கிறது.

அமெரிக்க விவிலிய அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸ் 1985இல் வெளியிட்ட இயேசுவும் யூதமும் என்னும் நூலில், இயேசு மனந்திரும்புதலைப் போதித்திருந்தால் அது யாருக்கும் இடறலாக இருந்திராது, ஏனெனில் திருந்திய பாவியை வரவேற்பது யூத மரபில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒன்று என்று வாதிட்டார். திருந்துவதற்கு முன்பே, ஈடு செலுத்தும் முறைகளைக் கேட்காமலே, பாவிகளைக் கடவுளின் ஆட்சிக்குரியவர்களாக இயேசு ஏற்றதுதான் எதிர்ப்பைக் கிளப்பியது என்பது அவர் கருத்து. கடவுளின் ஆட்சி நெருங்கிவிட்டதால் மனந்திரும்புங்கள் என்பதை மாற்குவே இயேசுவின் முதல் அறிவிப்பாகத் தருவதால், சாண்டர்ஸின் முடிவை முழுமையாக ஏற்பது கடினம். எனினும் வரிசையைப் பற்றிய அவருடைய கூர்மையான பார்வையை ஒதுக்கவும் முடியாது. எரிகோவில் சகேயுவின் கதையில் இயேசு அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்வது முதலில் நிகழ்கிறது. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும் அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் அந்த வரித்தலைவன் அறிவிப்பது பிறகுதான். அங்கே ஒரு கண்டனச் சொல்லும் பேசப்படவில்லை என்பதையும், மனந்திரும்புதல் ரொக்கமாகவே கணக்குத் தீர்க்கப்பட்டது என்பதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

லூக்காவின் 15ஆம் அதிகாரமும் இவ்வகையினதே. காணாமற்போன ஆடும் காசும் எந்த வகையிலும் வருந்தித் திருந்தக் கூடியவை அல்ல, அவை தேடப்பட்டுக் கண்டெடுக்கப்படுகின்றன. ஆனாலும் அந்த இரு உவமைகளின் முடிவிலும் மனந்திரும்பும் ஒரு பாவியைப் பற்றி விண்ணகத்தில் மகிழ்ச்சி உண்டாகும் என்று கூறப்படுகிறது. மத்திய கிழக்கில் நெடுங்காலம் வாழ்ந்து கற்பித்த கென்னத் பெய்லி, தான் கண்டெடுக்கப்படுவதற்கு இசைவதே மனந்திரும்புதல் என்னும் வரையறையை இவ்வதிகாரத்திலிருந்து வருவித்தார். மூன்றாம் உவமையில் தந்தை ஓடிவந்து முத்தமிட்ட பிறகே இளைய மகன் தன் குற்றத்தை வாய்விட்டுச் சொல்கிறான். மூத்தவனோ வயலிலிருந்து வந்து, வீட்டுக்குள் நுழைய மறுத்து, கதை முடியும்போதும் வெளியிலேயே நிற்கிறான். அன்பைப் பற்றிய அந்த உவமை யாரை நோக்கிச் சொல்லப்பட்டதோ அந்தப் பரிசேயரின் பாவம், பாவம் என்னும் பெயர் இல்லாமலே அங்கு வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி, இன்று யோவான் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில் அச்சிடப்பட்டாலும், சினாய்ப் படி, வத்திக்கான் படி முதலிய பழைய கைப்படிகளில் காணப்படாதது. ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன், விபசாரத்தையும் திருமணத்தையும் குறித்து எழுதிய நூலில், தங்கள் மனைவியருக்குப் பாவம் செய்யத் துணிவு வந்துவிடும் என்று அஞ்சிய நம்பிக்கை குறைந்த சிலர் இதைத் தங்கள் படிகளிலிருந்து நீக்கிவிட்டதாகக் குற்றஞ்சாட்டுகிறார். இக்கதை யோவானின் மூலப்பகுதி அன்று என்பதே இன்றைய அறிஞர் பலரின் முடிவாதலால், நீக்கம் பற்றிய அவருடைய விளக்கம் சரியென்று கொள்வதற்கில்லை. ஆனால் மன்னிப்பை நிபந்தனையின்றி அறிவித்தால் ஒழுக்கம் குலைந்துவிடும் என்னும் அச்சம், அதிலும் பெண்ணின் ஒழுக்கம் பற்றிய அச்சம், 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே எவ்வளவு பழகிப்போனதாக இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. அக்கதையின் முடிவில் இயேசு சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு: தீர்ப்பிடவில்லை என்பது ஒன்று, இனிப் பாவம் செய்யாதே என்பது மற்றொன்று. இன்றைய வாதிகளில் ஒரு சாரார் முதற்பகுதியோடு நிறுத்திவிடுகின்றனர். மற்றொரு சாரார் இரண்டாவதிலிருந்து தொடங்குகின்றனர். கல்லெறிய வந்தவர்களின் பாவத்தைத்தான் இயேசு முதலில் கிளறினார் என்பதை இரு சாராருமே பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

இதே அகுஸ்தீன் முதல் யோவான் கடிதத்தின்மீது ஆற்றிய பத்து அருளுரைகளில் ஏழாவதில், அன்பை வேராகக் கொண்டவன் விரும்பியதைச் செய்யலாம் என்னும் புகழ்பெற்ற கருத்து வருகிறது. வாழ்த்து அட்டைகளில் இடம்பெறும் அளவுக்கு அது இன்று மென்மையாகிவிட்டது. அது எழுந்த இடமோ மென்மையானதன்று. பிள்ளையை அடிக்கும் தந்தையையும், பிள்ளையைக் கடத்துவதற்காகக் கொஞ்சும் கள்வனையும் எதிரெதிரே நிறுத்தி, வெளிச்செயலைக் கொண்டு அன்பை அளக்க முடியாது, கண்டிப்பதும் அன்பாக இருக்கலாம் என்று நிறுவுவதே அங்கே அவருடைய நோக்கம். அடுத்த சில ஆண்டுகளில், தொனாத்தியர் எனப்பட்ட பிரிவினரைப் பேரரசின் சட்டத்தால் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் வரவைப்பதை அவர் ஆதரித்து எழுதியபோது, இந்தத் தர்க்கமே வன்முறைக்குத் துணைநின்றது. கண்டிக்கும் அன்பு என்னும் கருத்து உண்மையானது. ஆனால் கண்டிக்கிறவரின் கையில் படைவீரரும் இருக்கும்போது அது எவ்வளவு எளிதாகக் கெட்டுப்போகும் என்பதை அன்பும் பாவமும் பற்றிய எந்த ஆய்வும் மறக்கலாகாது.

இடைக்காலத்தில் மனந்திரும்புதல் ஒரு நிறுவன ஒழுங்காகவே ஆகிவிட்டது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் வயதை அடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது. 13ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை மேற்கு ஐரோப்பியப் பிரசங்கங்கள் எவ்வாறு குற்றவுணர்வையும் அச்சத்தையும் இடைவிடாமல் ஊட்டின என்பதைப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜான் தெலுமோ 1983இல் வெளிவந்த பெருநூலில் விரிவாகக் காட்டியுள்ளார். இதன் நடுவே நுட்பமான ஒரு வேறுபாடும் வளர்ந்து வந்தது. கடவுளின்மீது கொண்ட அன்பினால் தன் பாவத்துக்கு வருந்துவது ஒன்று. தண்டனைக்கு அஞ்சியோ பாவத்தின் அருவருப்பைக் கண்டோ வருந்துவது வேறொன்று. முதலாவதைத் தமிழ்க் கத்தோலிக்கர் உத்தம மனஸ்தாபம் என்று வழங்கினர். திரெந்து சங்கம் 1551இல் இரண்டாவதையும் கடவுளின் கொடையாகவே ஏற்று, பாவ அறிக்கையின் வழியே அருள் பெறுவதற்கு அது ஒருவரை ஆயத்தப்படுத்தும் என்று அறிவித்தாலும், நிறைவான வருத்தத்துக்கு அன்பையே அடையாளமாக வைத்தது. அச்சத்தை மட்டும் கிளப்பும் பிரசங்கம் மனிதரை வாசல்வரைதான் கொண்டுவரும் என்று இந்த வேறுபாட்டுக்கு உரை எழுதலாம்.

மார்ட்டின் லூத்தரின் மாற்றம் இந்தப் புள்ளியில்தான் தொடங்கியது. 1517இல் அவர் வெளியிட்ட 95 கூற்றுகளில் முதலாவதே, நம்பிக்கையாளரின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு எராஸ்முஸ் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாடு, இலத்தீன் மொழிபெயர்ப்பு பரிகாரம் செய்யும்படி கட்டளையிடுவதாக ஒலித்த இடத்தில், மூலம் மனமாற்றத்தையே கூறுகிறது என்பதைப் படித்தோர் காணச் செய்திருந்தது. 1518இல் தம் ஞான வழிகாட்டியான யோகான் ஸ்தௌபிட்சுக்கு எழுதிய கடிதத்தில் லூத்தர், உண்மையான மனந்திரும்புதல் கடவுளின்மீதும் நீதியின்மீதும் கொள்ளும் அன்பிலிருந்தே தொடங்குகிறது என்று அவரிடம் கேட்டது தம்முள் அம்புபோல் தைத்ததாகவும், மற்றவர்கள் முடிவு என்று கருதிய அன்பே உண்மையில் தொடக்கம் என்று தாம் அப்போது அறிந்ததாகவும் குறிப்பிடுகிறார். மனந்திரும்பினால் அன்பு கிடைக்கும் என்னும் வரிசை அங்கே தலைகீழாகிறது.

ஆனால் அதே லூத்தர் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, தம் மாணவரும் நண்பருமான யோகான் அக்ரிகோலாவோடு மோத நேர்ந்தது. நியாயப்பிரமாணம், அதாவது கடவுளின் கட்டளைகளும் கண்டனமும் அடங்கிய பகுதி, நீதிமன்றத்துக்கு உரியதே அன்றிப் பிரசங்க மேடைக்கு உரியதன்று என்றும், கிறிஸ்துவின் அன்பைக் கேட்பதாலேயே மனந்திரும்புதல் பிறக்கும் என்றும் அக்ரிகோலா வாதிட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் இது 1518ஆம் ஆண்டின் லூத்தரே பேசுவதுபோல் இருக்கும். 1537 இறுதி முதல் 1540 வரை விட்டன்பர்க்கில் நடந்த விவாதங்களில் லூத்தர் இதைக் கடுமையாக மறுத்தார். எதிலிருந்து மீட்கப்பட்டோம் என்பதை அறியாதவனுக்கு மீட்பர் எதற்கு என்பது அவர் வாதத்தின் நடுநரம்பு. அதோடு அவர் சொன்ன இன்னொரு காரணமே இங்கு முதன்மையானது. போப்பின் ஆட்சியில் நடுநடுங்கிக் கிடந்த மனச்சாட்சிகளுக்கு ஆறுதலைப் பேச வேண்டிய காலம் அது. இப்போதோ மக்கள் கவலையற்று மெத்தனமாகிவிட்டனர். நடுங்கியவர்களுக்காகப் பேசிய பழைய பிரசங்கத்தை மெத்தனமானவர்களிடம் திருப்பிச் சொல்வது காலத்தை அறியாத பேச்சு என்றார் அவர். ஒரே செய்தி ஒருவருக்கு மருந்தாகவும் மற்றொருவருக்கு உறக்க மருந்தாகவும் ஆகலாம் என்னும் இந்த உணர்வை அவரைப் பின்பற்றியவர்கள் 1577ஆம் ஆண்டின் இணக்க அறிக்கையில் கோட்பாடாக வடித்தபோது, கேட்போரைப் பார்த்துப் பேசும் அந்த நெகிழ்ச்சி ஓரளவு இறுகிவிட்டது.

இதற்குப் பின்வந்த சீர்திருத்த மரபுகள் வரிசையைத் தத்தம் வழியில் அமைத்துக்கொண்டன. மனந்திரும்புதல் நம்பிக்கைக்கு முன்னால் வருவதன்று, நம்பிக்கையிலிருந்து பிறப்பது என்று கால்வின் எழுதினார். ஜான் வெஸ்லி 1751ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், புதிய ஊரில் பிரசங்கிக்கத் தொடங்கும்போது பாவிகள்மீது கடவுள் கொண்ட அன்பைப் பொதுவாக அறிவித்துவிட்டு, பிறகு கட்டளைகளை மிகக் கூர்மையாகப் பிரசங்கித்து, கேட்போர் உணர்வடைய அடைய நற்செய்தியை மேலும் மேலும் கலக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். வயலில் நின்று ஆயிரக்கணக்கானோரிடம் பேசிய ஒருவரின் நடைமுறை அறிவு அதில் தெரிகிறது.

அமெரிக்காவின் ஜானதன் எட்வர்ட்ஸ் இவ்விவாதத்தில் எப்போதும் ஒரு முனையில் நிறுத்தப்படுபவர். 1741 ஜூலை 8 அன்று இன்று கனெக்டிகட்டில் உள்ள என்ஃபீல்டில், சினங்கொண்ட கடவுளின் கைகளில் பாவிகள் என்னும் தலைப்பில் அவர் ஆற்றிய பிரசங்கத்தைக் கேட்டோர் கதறி அழுத ஒலியில் அவர் பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1738இல், தம் சொந்தச் சபையான நார்தாம்ப்டனில், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரமாகிய அன்பின் அதிகாரத்தை வசனம் வசனமாக எடுத்து அவர் ஒரு பிரசங்கத் தொடரே நிகழ்த்தியிருந்தார் என்பதும், விண்ணகம் அன்பின் உலகம் என்னும் பொருளில் அதை முடித்தார் என்பதும் பலருக்குத் தெரியாது; அத்தொடர் அச்சானது 1852இல்தான். எனவே அவரை அச்சத்தின் பிரசங்கி என்று மட்டும் காட்டுவது அநீதி. ஆனால் அவர்மீது வைக்கத்தக்க உண்மையான குறை வேறோர் இடத்தில் உள்ளது. 1731இல் நியூபோர்ட்டில் வீனஸ் என்னும் ஏறத்தாழ 14 வயது கறுப்பினச் சிறுமியை அவர் விலைக்கு வாங்கிய பத்திரம் இன்றும் இருக்கிறது. கேட்போரின் உள்ளத்தின் ஆழத்திலிருந்த நுண்ணிய பெருமையைக்கூடக் கண்டு காட்டிய பார்வைக்கு, தம் வீட்டுச் சமையலறையில் நின்ற பாவம் தெரியவில்லை. பாவத்தைப் பேசினாரா என்று மட்டும் கேட்டால் எட்வர்ட்ஸ் முழு மதிப்பெண் பெறுவார். எந்தப் பாவத்தை என்று கேட்டால் அத்தனை எளிதாகப் பெறமாட்டார்.

19ஆம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. சிகாகோவின் டுவைட் மூடி, இங்கிலாந்திலிருந்து வந்த ஹென்றி மூர்ஹவுஸ் என்னும் இளைஞர் யோவான் 3:16 என்னும் ஒரே வசனத்தை எடுத்து இரவுதோறும் பிரசங்கித்ததைக் கேட்ட பிறகு, கடவுள் பாவிகளைத் துரத்தி வருவது பட்டயத்தோடு அன்று, அன்போடு என்னும் அழுத்தத்துக்குத் தாம் மாறியதாகக் கூறினார். மூடி பாவத்தைப் பேசுவதை நிறுத்தவில்லை. அவரைப் பின்பற்றிய காலம் மெல்ல மெல்ல நிறுத்தியது. ரிச்சர்ட் நீபர் 1937இல் எழுதிய அமெரிக்காவில் கடவுளின் ஆட்சி என்னும் நூலில், சினமற்ற கடவுள், பாவமற்ற மனிதர், தீர்ப்பற்ற ஆட்சி, சிலுவையற்ற கிறிஸ்து என்று தாராளவாதப் பிரசங்கத்தின் வெறுமையை அடுக்கிக் காட்டியது இன்றும் எடுத்தாளப்படுகிறது. கலிபோர்னியாவின் ராபர்ட் ஷுல்லர் 1982இல் வெளியிட்ட நூலில் தன்மதிப்பையே புதிய சீர்திருத்தத்தின் அடித்தளமாக்கி, பாவத்தையும் தன்மதிப்பின் இழப்பாகவே விளக்கினார். ஷுல்லரைக் கேலி செய்வது எளிது. சிறுவயது முதல் நீ தகுதியற்றவன் என்றே கேட்டு வளர்ந்தவர்களிடம் அவர் பேசினார் என்பதையும், அவர்களுக்கு அது பசியாற்றியது என்பதையும் அவருடைய விமரிசகர்கள் கவனித்திருக்க வேண்டும். ஆனாலும் தன்மதிப்பு நிறைந்து வழியும் ஒருவன் பிறருக்குச் செய்யும் கொடுமையைப் பற்றி அந்த இறையியலால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நீபரின் நூல் வெளியான அதே 1937இல் ஜெர்மனியில் தீத்ரிக் பொன்ஹோஃபர், மனந்திரும்புதல் இன்றி மன்னிப்பைப் பிரசங்கிப்பதை மலிவான அருள் என்று பெயரிட்டுச் சீடத்துவம் பற்றிய தம் நூலைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அவர் நடத்திய ஃபிங்கன்வால்டே குருத்துவப் பயிற்சியகத்தை இரகசியக் காவல்துறை மூடியது. மலிவான அருள் என்னும் தொடர் இன்று பெரும்பாலும் தனிமனித ஒழுக்கத் தளர்ச்சியைச் சாடுவதற்கே பயன்படுகிறது. அவர் கண் முன்னே இருந்தவர்களோ, ஒழுக்கத்தில் குறை சொல்ல முடியாதவர்களாகவும் ஞாயிறுதோறும் பாவ மன்னிப்பைக் கேட்டவர்களாகவும் இருந்துகொண்டே ஹிட்லருக்கு வழிவிட்டவர்கள்.

2018 மே 19 அன்று விண்ட்சரின் புனித ஜார்ஜ் ஆலயத்தில் இளவரசர் ஹாரி, மெகன் மார்க்கல் திருமணத்தில் அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையின் அப்போதைய தலைமை ஆயர் மைக்கேல் கரி ஆற்றிய அருளுரை, அன்பின் ஆற்றலைப் பற்றியே தொடக்கம் முதல் இறுதிவரை பேசியது. உலகெங்கும் தொலைக்காட்சியில் கேட்டவர்களில் பலர் உருகினர். சுவிசேஷ மரபினர் சிலர், இத்தனை பெரிய வாய்ப்பில் பாவமும் மனந்திரும்புதலும் சொல்லப்படவில்லையே என்று வருந்தினர். திருமண மேடை பாவப் பட்டியலுக்குரிய இடம் அன்று என்பது ஒரு விடை; ஆனால் அது போதிய விடை அன்று. அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் ஞானப் பாடலைக் கரி அந்த ஆலயத்தில் நினைவூட்டினார் என்பதையும், அன்பே வழியாகும் உலகில் பிள்ளைகள் பசியோடு உறங்கப் போகமாட்டார்கள் என்று கூறினார் என்பதையும் கவனித்தால், ஒரு பேரரசின் அரச குடும்பத்துக்கு எதிரே நின்ற அடிமைகளின் வழித்தோன்றல் பாவத்தை அடியோடு மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. சொன்னார், ஆனால் கேட்டவர் யாரும் தம்மைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லாத வகையில் சொன்னார். உண்மையான குறை இருக்குமாயின் அது இவ்விடத்தில்தான் இருக்கிறது.

பாவத்தைப் பேசுவது என்றாலே எல்லாருக்கும் ஒரே பாவத்தைப் பேசுவது என்றாகிவிட்டதைக் கண்டித்தவர்களும் உண்டு. வலரி செய்விங் 1960இல் எழுதிய கட்டுரையில், இறையியலாளர்கள் பாவத்தின் வேர் எனக் கொண்ட தற்பெருமையும் தன்முனைப்பும் ஆண்களின் அனுபவத்தை ஒட்டியவை என்றும், தன்னையே கரைத்துக்கொண்டு தன்னுருவம் இழந்துபோகும் பெண்ணிடம் இன்னும் உன்னை வெறுத்துத் தாழ்த்திக்கொள் என்று பிரசங்கிப்பது அவளுடைய நோயையே மருந்தாகக் கொடுப்பது என்றும் காட்டினார். 1980இல் மெல்போர்னில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில் ஹாங்காங்கின் ரேமண்ட் ஃபங், ஏழைத் தொழிலாளரைப் பாவிகள் என்று மட்டும் அழைக்கும் திருச்சபை, அவர்கள் பிறரின் பாவத்துக்கு இரையானவர்களும் ஆவர் என்பதைக் காணத் தவறுகிறது என்றார். அடிபட்டவரையும் அடித்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி நாம் எல்லாரும் பாவிகளே என்று சொல்லும் பிரசங்கம், கோட்பாட்டில் பிழையற்றதாக இருந்தும், அடித்தவருக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடம் தேடித் தருகிறது.

தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் இது வெறும் கோட்பாடாக இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் லூத்தரன் ஊழியர்கள் ஆலயத்துக்குள் சாதிவாரியான தனி இருக்கைகளைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டனர். அச்சபைகளிலும் அன்பும் பாவமும் மனந்திரும்புதலும் குறைவின்றிப் பிரசங்கிக்கப்பட்டன. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோதுதான் சபைகள் பிளந்தன. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் விலகி நின்றனர். ஞானப் பாடல்களால் தமிழ்க் கிறிஸ்தவ உள்ளத்தையே உருவாக்கிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் சாதி ஒழிப்பை எதிர்த்தவரே. ஆட்சியாளரின் இனத்தைச் சேர்ந்த ஆயர், ஆளப்படும் மக்களின் பாவத்தைச் சுட்டுவது எளிது என்னும் எதிர்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் பாவம் என்று நூறாண்டுக்கு மேலாகப் பிரசங்கித்தபோது கலையாத கூட்டம், பாவத்துக்கு ஒரு பெயர் சூட்டியதும் கலைந்தது என்பதை அந்த எதிர்வாதம் மாற்றிவிடாது.

அன்பையும் பாவத்தையும் பிரிக்காமல் பேசிய பிரசங்கத்துக்கு வரலாறு தரும் சான்றுகளில் 1511 டிசம்பர் 21ஆம் நாள், திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று, எஸ்பானியோலாத் தீவின் சாந்தோ தொமிங்கோவில் நிகழ்ந்தது தனித்து நிற்கிறது. தொமினிக்கன் துறவி அந்தோனியோ தெ மொந்தேசினோஸ், பாலைவனத்தில் ஒலித்த திருமுழுக்கு யோவானின் குரலைப் பொருளாக எடுத்து, பூர்வீக மக்களைக் கட்டாய உழைப்பில் கொன்று தீர்க்கும் குடியேறிகள் சாவான பாவத்தில் இருக்கிறார்கள் என்று ஆளுநரின் முன்னிலையிலேயே அறிவித்தார். அம்மக்கள் மனிதர் அல்லரோ, அவர்களை உங்களைப் போலவே நேசிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லரோ நீங்கள் என்பதே அவர் கேள்வியின் கருத்து. அயலாரை நேசிக்கும் கட்டளையே அங்கு பாவத்தை வெளிப்படுத்தும் விளக்காயிற்று. கொதித்தெழுந்த குடியேறிகள் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று வற்புறுத்தினர். மறு ஞாயிறு ஆலயம் நிறைந்திருந்தது; மொந்தேசினோஸ் முன்னிலும் கடுமையாகப் பேசி, திருந்தாதோருக்குப் பாவ மன்னிப்பு வழங்கப்படாது என்றும் அறிவித்தார்.

இப்பிரசங்கம் இன்று நமக்குக் கிடைப்பது பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் எழுதிய இந்தியத் தீவுகளின் வரலாற்றின் வழியாகவே. அவரும் அக்காலத்தில் பூர்வீக மக்களை உழைப்புக்கு வைத்திருந்த குடியேறியாகவும் குருவாகவும் இருந்தார். தொமினிக்கன் துறவி ஒருவர் அதே காரணத்துக்காக அவருக்குப் பாவ மன்னிப்பு அளிக்க மறுத்தார். அப்போதும் அவர் மாறிவிடவில்லை. 1514இல் கியூபாவில் பெந்தெகொஸ்தே விழாவுக்குப் பிரசங்கம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஏழைகளின் உடைமையைப் பறித்துச் செலுத்தும் காணிக்கையைக் கண்டிக்கும் சீராக் நூலின் 34ஆம் அதிகாரப் பகுதியில் அவர் கண் நின்றது. சில நாள்கள் அதையே எண்ணிய பிறகு, மற்றவர்களிடம் அதைப் பேச வேண்டுமானால் தம்மிடம் உள்ளவர்களை முதலில் விடுவிக்க வேண்டும் என்று தீர்மானித்து, ஆளுநர் தியேகோ வெலாஸ்கசிடம் சென்று தமக்கு அளிக்கப்பட்ட மக்களைத் துறப்பதாகத் தெரிவித்தார். ஆளுநர் நம்ப மறுத்து, நன்றாக யோசித்து வரும்படி அவருக்கு அவகாசம் கொடுத்தார். ஆகஸ்ட் 15 அன்று, மரியாளின் விண்ணேற்பு விழாவில், லாஸ் காசாஸ் பிரசங்க மேடையேறி முதலில் தாம் அம்மக்களைத் துறந்ததையே அறிவித்து, அதன் பிறகு மற்றவர்களின் பாவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.